வீட்டைப் பார்க்காமல் விலை சொல்கிறவர்கள்

ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் இந்தக் கோடையில் வீடு மாறப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

நம்மில் பலர் ஸ்கந்தகிரி முருகன் கோயில் பிராகாரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறவர்கள்தாம். பங்குனி பிறந்துவிட்டால் அங்கே பேச்சு ஒன்றுதான். யாருக்கு மாற்றல் வந்திருக்கிறது, யார் சென்னைக்கே திரும்புகிறார்கள், யார் மல்காஜ்கிரியைக் காலி செய்துவிட்டு ஆபீஸுக்குப் பக்கமாகக் கொண்டாப்பூருக்குப் போகிறார்கள். உடனே அடுத்த கேள்வி வரும்: "பேக்கர்ஸ் யாரு? எவ்வளவு சொன்னான்?" அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல். எவ்வளவு சொன்னான் என்று எல்லோரும் கேட்கிறோம். எதைப் பார்த்துச் சொன்னான் என்று ஒருவரும் கேட்பதில்லை.

என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நிஜாம்பேட்டையில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, பெண்ணின் பள்ளிக்கூடத்தை உத்தேசித்து ஒரு மே மாதக் கடைசியில் தாம்பரத்துக்குக் கிளம்பினார்கள். போனில் நான்கு கம்பெனிகளிடம் கேட்டார்கள். மூன்று பேர் முப்பதாயிரத்தைத் தாண்டிச் சொன்னார்கள். நான்காவது ஆள், "டூ பெட்ரூம்தானே மேடம், பதினெட்டாயிரம், எல்லாம் அடக்கம்" என்றான். அவனுக்கே கொடுத்தார்கள். காலை எட்டு மணிக்கு வர வேண்டிய வண்டி மதியம் இரண்டுக்கு வந்தது, மூன்றே ஆட்களோடு. பட்டியல் எழுத நேரமில்லை. இருட்டுவதற்குள் எல்லாம் ஏறிவிட்டது. கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று படித்தவர் யாருமில்லை.

மறுநாள் ராத்திரி அவள் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, தடாவுல வண்டியப் புடிச்சிட்டாங்களாம். ஈ-வே பில் இல்லைன்னு ஃபைன் போடறாங்களாம். இருபத்திரண்டாயிரம் அனுப்பினாத்தான் வண்டி நகருமாம்." குழந்தையின் புத்தகம், மாத்திரை டப்பா, ஒரு குடும்பத்தின் அத்தனை தட்டுமுட்டுச் சாமானும் அந்த லாரியில். பேரம் பேசிப் பதினாலாயிரம் அனுப்பினார்கள்.

அந்தப் போன் முழுப்பொய் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. புழங்கிய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில்லே தேவையில்லை. ஜி.எஸ்.டி. விதிகளில் 138-ஆவது விதியோடு உள்ள விலக்குப் பட்டியலில், பயன்படுத்திய சொந்தப் பொருள்களும் வீட்டுப் பொருள்களும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. மாநில எல்லையில் தடாவிலும் எளாவூரிலும் லாரிகளை வரிசையில் நிறுத்திய வணிகவரிச் சோதனைச் சாவடிகள் 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே எடுக்கப்பட்டுவிட்டன. இந்த இரண்டையும் அன்றிரவு நாங்கள் அறிந்திருந்தால் பதினாலாயிரம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் உங்களிடம் முதலில் இதைச் சொல்கிறேன். பாதி வழியில் யாராவது ஈ-வே பில் என்று பணம் கேட்டால், சரக்கு புழங்கிய வீட்டுச் சாமான், அதற்கு விலக்கு உண்டு என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

ஆனால் ஏமாற்று தடாவில் தொடங்கவில்லை. போனில் பதினெட்டாயிரம் என்று சொன்ன அந்த நிமிஷத்திலேயே தொடங்கிவிட்டது. வீட்டில் என்ன இருக்கிறது, எந்த மாடி, லிப்ட் உண்டா, சந்துக்குள் வண்டி நுழையுமா என்று எதுவும் தெரியாமல் ஒருவன் விலை சொல்கிறான் என்றால், அந்த விலைக்குச் சாமானை இறக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. சாமான் அவன் கைக்குப் போன பிறகுதான் உண்மையான விலை வரும்.

1991-இல் நான் கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது பேக்கர்ஸ் என்ற சொல்லே எங்கள் வீட்டில் கிடையாது. சாக்கு ஊசியால் மூட்டை தைத்து, பெயரையும் ஊரையும் மையால் எழுதி, சார்மினார் எக்ஸ்பிரஸின் பிரேக் வேனில் ஏற்றிவிட்டோம். கையில் பார்சல் ரசீது இருந்தது. எங்கே போய் யாரைக் கேட்பது என்று தெரியும். வீட்டுச் சாமானைக் கட்டுவதிலிருந்து இறக்கி அடுக்குவது வரை ஒருவரே பொறுப்பேற்கும் தொழில் இந்தியாவில் பெரிதாக வளர்ந்ததற்கு நம் ஊருக்கும் பங்கு உண்டு. விமானப்படையில் இருந்த ரமேஷ் அகர்வால் 1987-இல் இந்த ஊரில்தான் அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸைத் தொடங்கினார். ராணுவக் குடும்பங்கள் நிறைந்த செகந்திராபாத்தில் மாற்றலுக்குப் பஞ்சமே இல்லை. அந்தத் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் எது?

அந்தப் பெயர் புகழ் பெற்றதும் அதன் நிழலில் எத்தனையோ பெயர்கள் முளைத்தன. கூகுளில் அந்தக் கம்பெனியைத் தேடினால் வேறு ஆட்களின் விளம்பரம் மேலே வருகிறது என்று அவர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2021 அக்டோபரில் தனி நீதிபதியும், 2023 ஆகஸ்ட் 10 அன்று இரு நீதிபதிகள் அமர்வும் தீர்ப்பளித்தன. ஒருவருடைய வணிகச் சின்னத்தைத் தேடுசொல்லாக விற்கும் விளம்பரத் திட்டத்தில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல, அதில் நேரடியாகப் பங்கெடுக்கிறது என்றது அமர்வு. குழப்பம் விளையாதவரை அப்படிப் பயன்படுத்துவது மட்டுமே வணிகச் சின்ன மீறல் ஆகாது என்றும் சொன்னது. நமக்கு அதில் பாடம் எளியது. தேடியதும் முதலில் வருவது நீங்கள் தேடிய கம்பெனியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெயரில் ஓர் எழுத்து கூடியிருக்கலாம்.

எனவே பெயரை நம்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். அவர்களுடைய ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி, அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். செலவில்லை, இரண்டு நிமிஷ வேலை. சட்டப்படியான பெயர், முகவரி, பதிவான தேதி மூன்றும் வரும். "இருபத்தைந்து வருஷ அனுபவம்" என்று விசிட்டிங் கார்டு கொடுத்தவர் நான்கு மாதத்துக்கு முன்தான் பதிவு செய்தார் என்பது அந்தத் தேதியில் தெரிந்துவிடும். சாலை வழியாகப் பொதுச் சரக்கு ஏற்றிச் செல்லும் தொழிலுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பதிவுச் சான்று இல்லாமல் யாரும் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. அந்தப் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்டதும் குரல் மாறினால் அதுவே உங்களுக்குப் பதில்.

அடுத்தது, ஆள் வீட்டுக்கு வர வேண்டும். வர முடியாவிட்டால் வீடியோ காலிலாவது ஒவ்வோர் அறையாக, அலமாரியைத் திறந்து, பரணில் ஏறிக் காட்டுங்கள். நம் வீடுகளில் பாதிச் சாமான் பரணில்தானே இருக்கிறது! கொலுப்படி, வெண்கல உருளி, சீர் வந்த அண்டா, யாரும் உட்காராத ஊஞ்சல் பலகை, இவை எதுவும் "டூ பெட்ரூம்" என்ற சொல்லுக்குள் அடங்காது. தெருவையும் அவர் பார்க்க வேண்டும். இந்த ஊரில் நடுத்தர லாரியை எல்லோரும் டி.சி.எம். என்கிறார்கள். டி.சி.எம். டொயோட்டா என்று 1980-களில் வந்த வண்டி அது. கம்பெனி போய்விட்டது, பெயர் மட்டும் இன்று ஐஷருக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த டி.சி.எம். பத்மாராவ் நகரின் பல சந்துகளுக்குள் நுழையாது. அப்போது சாமானை முதலில் டாடா ஏஸில் ஏற்றி, பெரிய தெருவில் டி.சி.எம்.முக்கு மாற்ற வேண்டும். ஒரு முறை இறக்கி ஏற்றுவது இரண்டு முறையாகிறது. கண்ணாடி உடைவது பெரும்பாலும் இந்த மாற்றத்தில்தான், நெடுஞ்சாலையில் அல்ல. கூடுதல் பணம் கேட்கவும் இதுவே முதல் சாக்கு. சென்னையில் இறங்கும் தெருவுக்கும் இது பொருந்தும். இரண்டு முனையையும் சொல்லி, எழுத்தில் விலை வாங்குங்கள்.

வண்டி நமக்கென்றே தனியாகப் போகிறதா, மற்றவர் சாமானோடு சேர்ந்து போகிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். இங்கிருந்து சென்னை நல்கொண்டா, ஓங்கோல், நெல்லூர் வழியாகச் சுமார் 630 கிலோமீட்டர். தனி வண்டி இரண்டு நாளில் போய்விடும். பங்கு வண்டி என்றால் சாமான் முதலில் ஏதோ ஒரு குடோனில் இறங்கும், வண்டி நிறையும்வரை காத்திருக்கும், எண்ணிக்கையும் அங்கேதான் தவறும். பங்கு வண்டி கூடாது என்று நான் சொல்லவில்லை. சின்னக் குடும்பத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும். தெரிந்து எடுங்கள் என்கிறேன்.

இனி தாள். இந்த மடலில் வேறு எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முன்பு சொன்ன 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாமானை ஒப்படைக்கும்போது நாம் ஒரு சரக்கு அனுப்பீட்டுப் படிவம் தருகிறோம், அவர்கள் அதற்கு ரசீது தருகிறார்கள். அந்தப் படிவத்தில் மதிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. சாமான் தொலைந்தாலோ உடைந்தாலோ அவர்கள் பொறுப்பு, வாங்கிய வாடகையின் பத்து மடங்கு வரைதான். அதுவும் நாம் அறிவித்த மதிப்பைத் தாண்டாது. என் தங்கையின் தாளில் அந்தக் கட்டத்தில் "20,000" என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஒரு குடும்பத்தின் மொத்த வீட்டுக்கும் இருபதாயிரம்! அந்தக் கட்டத்தை நீங்களே, உங்கள் பேனாவால், நிஜமான தொகை போட்டு நிரப்புங்கள். வாடகை எவ்வளவு, கட்டுக்கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதும் பில்லையும் கவனியுங்கள். வாடகையை மட்டும் சிறிதாகக் காட்டினால் அந்தப் பத்து மடங்கும் சிறிதாகிவிடும்.

சாமான் பட்டியலில் இன்னொரு தந்திரம் உண்டு. பீரோ, டி.வி., கட்டில் என்று எழுதும்போதே ஒவ்வொன்றுக்கும் எதிரே "கீறல், நசுங்கல்" என்று முன்கூட்டியே குறித்துவிடுவார்கள். நாளை நீங்கள் புகார் சொன்னால் அது ஏற்கெனவே நசுங்கியதுதான் என்பதற்குச் சாட்சி. நல்ல நிலையில் இருக்கும் பொருளுக்கு எதிரே அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கட்டுவதற்கு முன் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் "உரிமையாளர் பொறுப்பில்" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தால் பயந்துவிடாதீர்கள். அந்தச் சொல் இருப்பதாலேயே சரக்குக்காரர் தன் கவனக்குறைவின் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே, பழைய சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில், சொல்லியிருக்கிறது.

இன்சூரன்ஸ் என்று மூன்று சதவீதம் சேர்ப்பார்கள். எந்த இன்சூரன்ஸ் கம்பெனி, பாலிசி எண் என்ன, உங்கள் பெயரில் சான்றிதழ் எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் வராவிட்டால் அது இன்சூரன்ஸ் இல்லை. அவர்கள் கல்லாவுக்குப் போகும் பணம். பாலிசி நிஜமாக இருந்தாலும், லாரி கவிழ்ந்தால் மட்டும் தருவதா, ஒரு பொம்மை உடைந்தாலும் தருவதா என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இங்கே நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். ஆபீஸில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று கூடுதல் தொகைக்குப் பில் கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பில்லைச் சிரித்துக்கொண்டே எழுதித் தருகிறவன்தான் மறுநாள் பாதி வழியில் வண்டியை நிறுத்துகிறான். பொய்ப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வாயால் புகார் கொடுப்பது? நாம் கேட்பதை நிறுத்தினால் அந்தத் தொழிலின் ஒரு கால் முறிந்துவிடும்.

வீடு மாறும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊர்த் தமிழர்களுக்கு வருஷத்தில் இரட்டை முடை. தெலுங்கு வீட்டுக்காரர் ஆஷாடத்தில் புதுக்குடித்தனம் வைக்க யோசிப்பார். அது சந்திரமாதம். அது முடிவதற்குள் நம் ஆடி பிறந்துவிடும். ஆகவே எல்லோரும் மே கடைசியிலும் ஜூன் முதலிலும் முண்டியடிக்கிறோம், விலையும் ஏறுகிறது. ஆஷாட ஞாயிறுகளில் போனாலு ஊர்வலத்துக்காகப் பல தெருக்களில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், அன்று லாரி பிடிக்காதீர்கள். முடிந்தால் மாத நடுவில், வார நாளில் மாறுங்கள். அபார்ட்மெண்ட் சங்கத்திடம் எந்த மணியிலிருந்து எந்த மணிவரை லிப்ட் தருவார்கள் என்று முன்னமே கேட்டு வையுங்கள்.

கட்டும் வேலையில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கேஸ் சிலிண்டர் லாரியில் ஏறக் கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துவிட்டு வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள், டெபாசிட் திரும்ப வரும். ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்துப் பனி உருகவிடுங்கள், நிமிர்ந்தபடியே பயணம் போக வேண்டும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு வாங்கியபோது வந்த போல்ட்டுகளைத் திரும்ப மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் டிரம் ஆடி ஆடியே கெட்டுவிடும். கிரைண்டர் கல்லைத் தனியே எடுத்துக் கட்டுங்கள். தஞ்சாவூர்ப் படம் படுத்துப் போகக் கூடாது, நின்று போக வேண்டும், மேலே எந்தப் பாரமும் வைக்கக் கூடாது. ஆந்திரத்திலோ தெலங்கானாவிலோ பதிவான காரைத் தமிழ்நாட்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதென்றால் அது பதிவான ஆர்.டி.ஏ.விடம் தடையின்மைச் சான்று வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

கொலு பொம்மைகளை யாரிடமும் கொடுக்காதீர்கள். என் தங்கை கொடுத்தாள். எங்கள் பாட்டி காலத்துத் தசாவதார செட்டில் கூர்மமும் வாமனரும் மட்டும் முழுசாக வந்து சேர்ந்தார்கள். பபுள் ரேப்பை மேலாகச் சுற்றி, புத்தகப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார்கள். பழைய வேட்டித் துணியை முதலில் கழுத்துக்கும் கைக்கும் தனித்தனியே சுற்றி, பிறகுதான் மற்றவை. அந்த வேலையைச் செய்யும் பொறுமை நமக்கு மட்டும்தான் இருக்கும். சான்றிதழ், நகை, மருந்து, இரண்டு நாள் உடுப்பு, சுவாமி விளக்கு, பால் காய்ச்ச ஒரு பாத்திரம், உப்பு, இவை உங்கள் கையோடு வர வேண்டும். லாரி ஒரு வாரம் தாமதித்தாலும் புதுவீட்டில் அடுப்பு மூட்ட முடியும்.

தூக்கும் தொழிலாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே அவர்களை ஹமாலி என்பார்கள். மூன்றாம் மாடியிலிருந்து கோத்ரெஜ் பீரோவை முதுகில் பட்டையால் கட்டி இறக்கும் அந்த மனிதர்களுக்குப் போனில் விலை சொன்னவனோடு எந்தச் சம்பந்தமும் இருக்காது. அன்றைய கூலி அவர்களுக்கு முழுசாகக் கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை. காலையில் காபி கொடுங்கள், மதியம் சாப்பாடு போடுங்கள், ஏப்ரல் வெயிலில் மோர் கொடுங்கள். கடைசியில் தரப்போகும் தொகையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் வீடு பத்திரமாகப் போவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இறக்கும் ஊரில் எண்ணி முடிக்கும்வரை "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். வாடகையில் ஒரு பகுதியை அதுவரை கையில் வைத்திருங்கள், இதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். உடைந்ததை அவர்கள் பிரதியிலேயே குறித்துப் படம் எடுங்கள். வண்டியை நிறுத்தி மிரட்டிப் பணம் கேட்டால் 112-ஐ அழையுங்கள். "இது சிவில் விஷயம்" என்று போலீஸ் சொன்னால், நம்பி ஒப்படைத்த சரக்கைச் சரக்குக்காரரே கையாடுவது பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவில் குற்றம் என்று எழுத்தில் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி நீங்கள் இப்போது குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. வழக்கு எதுவானாலும், சாமானைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் சரக்குக்காரருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.

என் தங்கை அந்த நோட்டீஸை அனுப்பவில்லை. புதுப் பள்ளிக்கூடம், புது ஊர் என்று நாள் போய்விட்டது. எட்டாவது மாதம் என்னைக் கேட்டபோது நான் அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தேன். ஷட்டர் பூட்டியிருந்தது. மேலே வேறொரு பேக்கர்ஸ் பெயரில் புதுப் போர்டு மாட்டியிருந்தார்கள்.

அன்புடன்,
மாரேட்பள்ளியிலிருந்து உங்களில் ஒருத்தி